ஈமு வளர்ப்பும் அதனால் கிடைக்கும் பொருள்களும்

சிறு நிலமுடைய குடியானவர்கள் பயிர்த்தொழிலோடு ஓர் உபதொழிலையும் சேர்த்து நடத்துவது எக்காலத்தும் நன்மை பயப்பதாகும். கறவை மாடு, வெள்ளாடு, கோழி, தேனீ முதலியன இவ்வகையில் நம்மவர் நெடுங்காலமாக அறிந்தவை. கடந்த சுமார் முப்பது ஆண்டுகளுக்குள் இவ்வரிசையில் ஈமு என்னும் ஆஸ்திரேலியப் பெரும்பறவையும் சேர்க்கப்பட்டது. 2012-ஆம் ஆண்டு வரையில் அதனைப் பற்றிக் கேள்விப்படாத கிராமம் நமது மேற்கு ஜில்லாக்களில் இல்லை என்னலாம். அவ்வாண்டிற்குப் பிறகு அதன் பெயரைக் கேட்டாலே குடியானவர்கள் அஞ்சும் நிலை உண்டாயிற்று.

இவ்விரண்டும் தகுந்த விசாரணையின்றி ஏற்பட்டவையே. முன்னர் அதனைப் புகழ்ந்தவர்கள் அதன் இயல்பை அறிந்து புகழ்ந்தாரல்லர். பின்னர் இகழ்ந்தவர்களும் அதன் குறையை அறிந்து இகழ்ந்தாரல்லர். ஈமு வளர்த்தற்கு எளிய பறவை. அதன் உடலிலிருந்து பயனுள்ள பொருள்கள் பல கிடைக்கின்றன. ஆயினும் அப்பொருள்களை விலை கொடுத்து வாங்குவோர் இன்னாரென்று முன்னரே தெரிந்துகொள்ளாமல் வளர்ப்பவனுக்கு அவற்றால் யாதொரு பிரயோசனமும் இல்லை. இதனை விளக்குவதே இவ்வியாசத்தின் நோக்கம்.

பறவையின் இயல்பு

நம்மவர் இதனை ஈமு கோழி என்று வழங்கினும், இது கோழி இனத்தைச் சேர்ந்ததன்று. தீக்கோழி, கசவாரி, கிவி ஆகிய பறக்கமாட்டாத பறவைகளின் கூட்டத்தைச் சேர்ந்தது. உலகிலுள்ள பறவைகளுள் உயரத்தில் தீக்கோழிக்கு அடுத்தது இதுவே. நன்கு வளர்ந்த பறவை 5 முதல் 6 அடி உயரமும், சுமார் 30 முதல் 45 கிலோ எடையும் உடையது. ஒவ்வொரு காலிலும் மூன்று விரல்கள் உண்டு. மணிக்குச் சுமார் 50 கிலோமீட்டர் வேகத்தில் ஓட வல்லது. இதன் சிறகுகளில் ஒரே அடியிலிருந்து சம நீளமுள்ள இரண்டு தண்டுகள் கிளைத்திருத்தல் விசேஷமாகும்.

ஆண் பெண் இரண்டும் தோற்றத்தில் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். பெண் சற்றுப் பெரிது. இரண்டையும் குரலால் பிரித்தறியலாம். பெண்ணின் தொண்டையில் காற்றுப்பை ஒன்று உண்டு. அதனால் பறை முழங்குவது போன்ற ஆழ்ந்த ஓசையை அது எழுப்பும். ஆண் பன்றியைப் போல் உறுமும். வயது முதிராத குஞ்சுகளில் இந்த அடையாளம் தோன்றாது. ஆகையால் குஞ்சுகளை ஜோடி என்று சொல்லி விற்பவர், அவற்றின் பால்வேற்றுமையை எந்தச் சோதனையால் அறிந்தார் என்று வாங்குவோர் கேட்டல் வேண்டும்.

ஆஸ்திரேலியாவின் வறண்ட நிலங்களில் இப்பறவை வெயிலையும் குளிரையும் தாங்கிப் பல்லாயிரம் ஆண்டுகளாக வாழ்ந்து வருகிறது. அதன் உறுதியை அறிய ஒரு சரித்திரம் போதும். 1932-ஆம் ஆண்டு மேற்கு ஆஸ்திரேலியாவில் காம்பியன் என்னும் பகுதியில் ஏறக்குறைய 20,000 ஈமுக்கள் கோதுமை வயல்களில் இறங்கி நாசம் விளைத்தன. அரசாங்கத்தார் இயந்திரத் துப்பாக்கிகளுடன் போர்வீரரை அனுப்பினர். பறவைகள் சிறு சிறு கூட்டங்களாகப் பிரிந்து ஓடியபடியால் அம்முயற்சி பலிக்கவில்லை. பிற்காலத்தில் அங்குள்ள விவசாயிகள் தங்கள் பயிரைக் காக்கப் பெரிதும் நம்பியது வேலியையே.

அந்நாட்டில் காட்டு ஈமுக்கள் சட்டத்தால் பாதுகாக்கப்படுகின்றன. பண்ணைகளில் பொரித்து வளர்த்தவற்றையே வியாபாரத்திற்குப் பயன்படுத்தலாம். சுமார் 1970-ஆம் ஆண்டில் மேற்கு ஆஸ்திரேலியாவில் முதன்முதலாக வியாபார நோக்குடன் பண்ணைகள் தொடங்கப்பட்டன. பின்னர் அமெரிக்காவிலும், 1990-களின் பிற்பகுதியில் நமது தேசத்தில் ஆந்திரப் பிரதேசத்திலும், அதன்பின் தமிழ்நாடு, மகாராஷ்டிரம், கர்நாடகம் ஆகியவற்றிலும் இத்தொழில் பரவிற்று.

இடமும் வேலியும்

முட்டையிடும் ஜோடி ஒன்றுக்கு 100 அடி நீளமும் 25 அடி அகலமும், அதாவது 2,500 சதுர அடி இடம் வேண்டும். நீளவாட்டில் அடைப்பை அமைத்தால் பறவை ஓடித் திரிய இயலும். ஓட்டமே இதற்குத் தேகப்பயிற்சி. அஃதில்லாவிடில் கால்கள் வலுவிழக்கும். வேலி 6 அடிக்குக் குறையாத உயரமுள்ள கம்பிவலையாக இருத்தல் நன்று. வலைக்கண் சிறியதாக இருப்பின் தலையும் காலும் சிக்கா. முள்வேலி கூடாது, அச்சமுற்று ஓடி மோதும் பறவை முள்ளில் கிழிபட்டு, தோலின் மதிப்பையும் சிற்சில சமயம் உயிரையும் இழக்கும்.

தரை மேடாகவும் தண்ணீர் தேங்காததாகவும் இருக்கவேண்டும். நிழலுக்கு மரங்களோ ஓலைக் கொட்டகையோ போதும். தண்ணீர் எப்பொழுதும் தொட்டியில் நிறைந்திருக்கவேண்டும். கோடையில் இப்பறவைகள் நீரில் நனைவதை மிகவும் விரும்புமாதலால், சிறிது நீர் தெளித்து வருதல் நன்று.

மற்றொரு ஜாக்கிரதையும் அவசியம். மின்னும் பொருள் எதைக் கண்டாலும் ஈமு கொத்தி விழுங்கிவிடும். ஆணி, கம்பித்துண்டு, கண்ணாடிச் சில்லு, பிளாஸ்டிக் முதலியவை அடைப்பில் கிடத்தலாகாது. வேலி கட்டி முடித்த பின்னர், வேலையாட்கள் விட்டுச் சென்ற கம்பித்துண்டுகளை ஒன்று விடாமல் பொறுக்கிய பிறகே பறவைகளை உள்ளே விடவேண்டும்.

பறவையைப் பிடிக்க நேர்ந்தால் எதிரில் நிற்றல் தகாது. கால்களை முன்னோக்கி வீசி உதைக்கும், நகங்கள் கூரியவை. பக்கவாட்டில் நெருங்கி, இரு சிற்றிறக்கைகளையும் பற்றி, உடலோடு உடல் அணைத்துப் பிடித்தால் அடங்கிவிடும்.

தீனி

காடுகளில் இது விதை, பழம், தளிர், பூச்சி ஆகியவற்றைத் தின்று வாழ்வது. நார்ப்பொருளையும் ஓரளவு ஜீரணிக்க வல்லது. பண்ணைகளில் மக்காச்சோளம், சோயாப் பிண்ணாக்கு, தவிடு, தாதுப்பொருள்கள், உயிர்ச்சத்துக்கள் இவற்றைக் கலந்த தீனி கொடுக்கப்படுகிறது. குஞ்சுகளின் தீனியில் புரதச்சத்து நூற்றுக்கு 20 பங்கு அளவும், வளரும் பருவத்தில் 18 பங்கு அளவும் இருக்கலாம். முட்டையிடும் பறவைகளுக்குச் சுண்ணாம்புச் சத்து மிகுதியாக வேண்டும். குதிரைமசால் முதலிய பசுந்தீவனங்களை நறுக்கிக் கொடுத்தால் அடர்தீனியின் செலவு ஓரளவு குறையும்.

வளர்ந்த பறவை நாளொன்றுக்குச் சுமார் முக்கால் கிலோ அடர்தீனி தின்னும். முட்டையிடும் பருவத்தில் உணவு குறைந்துவிடும். அப்பொழுது உடலில் முன்னரே சேர்ந்த கொழுப்பைக் கொண்டு அது வாழும். ஆதலால் அப்பருவத்திற்கு முன் நன்கு உண்பித்தல் இன்றியமையாதது. ஈமுவின் உடலில் கொழுப்பு இவ்வளவு மிகுதியாகச் சேர்வதன் காரணமும் இதுவே.

இனவிருத்தி

பதினெட்டு முதல் இருபத்துநான்கு மாத வயதில் ஈமு இனவிருத்திக்குத் தகுதியடைகிறது. பகற்பொழுது குறுகும் குளிர்காலமே முட்டையிடும் பருவம். நம் நாட்டில் அது ஏறக்குறைய அக்டோபர் முதல் பிப்ரவரி வரையிலாகும். மூன்று நாட்களுக்கு ஒன்று என்ற விகிதத்தில், பெரும்பாலும் மாலை நேரத்தில் முட்டையிடும். முதலாண்டில் சுமார் 15 முட்டைகளும், பிற்பட்ட ஆண்டுகளில் 25 வரையிலும் எதிர்பார்க்கலாம். முட்டை கரும்பச்சை நிறமுடையது. எடை ஏறக்குறைய 500 முதல் 650 கிராம்.

இயற்கையில் அடைகாப்பது ஆண் பறவையே. சுமார் எட்டு வாரம் அது உண்ணாமலும் பருகாமலும் முட்டைகளின்மீதே அமர்ந்திருக்கும். அதனால் உடல் எடையில் மூன்றில் ஒரு பங்கு வரை இழப்பதும் உண்டு. குஞ்சுகள் வெளிவந்த பின்னும் பல மாதங்கள் அவற்றை உடனிருந்து காப்பதும் ஆணே.

பண்ணைகளில் முட்டைகளை அவ்வப்பொழுது எடுத்து, குளிர்ச்சியான அறையில் சில நாட்கள் சேமித்து, பொரிப்பு இயந்திரத்தில் வைப்பது வழக்கம். பத்து நாட்களுக்கு மேல் சேமித்தலாகாது. இயந்திரத்தில் உஷ்ணம் பாரன்ஹீட் அளவில் 96 முதல் 97 டிகிரியும், காற்றின் ஈரம் நூற்றுக்கு 30 முதல் 40 பங்கும் இருக்கவேண்டும். முட்டைகளை ஒழுங்காகத் திருப்பிவிடுதல் அவசியம். கோழிமுட்டையை விளக்கொளியில் பார்த்துக் கருவை அறிவது போல் இதனை அறிய இயலாது. ஓடு கருமையாதலால் ஒளி ஊடுருவாது. ஆகவே முட்டையை இடையிடையே நிறுத்து, எடை முறையாகக் குறைந்து வருகிறதா என்று பார்ப்பர். பொரியும் காலத்திற்குள் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து பங்கு எடை குறைதல் இயல்பு. ஏறக்குறைய 50 முதல் 52 நாட்களில் குஞ்சு வெளிவரும்.

ஒன்றிரண்டு ஜோடிகளை மட்டும் வைத்திருப்பவர் பொரிப்பு இயந்திரத்தைத் தனியே வாங்குவது வீண் செலவாகும். மின்சாரம் தடைப்படும் ஊர்களில் அதற்கு மாற்று ஏற்பாடும் செய்யவேண்டியிருக்கும்.

குஞ்சுகளின் பராமரிப்பு

குஞ்சு பிறந்தவுடன் சுமார் 400 கிராம் எடையிருக்கும். பழுப்பும் வெண்மையும் கலந்த நீண்ட கோடுகள் உடலில் காணப்படும். மூன்று நான்கு மாதங்களில் அவை மறையும். முதல் பத்து நாட்களுக்கு 90 டிகிரி அளவிலும், பின்னர் நான்கு வாரம் வரையில் 85 டிகிரி அளவிலும் வெதுவெதுப்பு வேண்டும்.

குஞ்சுகளுக்கு நேரும் பெருங்கேடு கால்நோயே. வழுவழுப்பான தரையில் நடக்கும் குஞ்சின் கால்கள் இருபுறமும் விரிந்து, மறுபடி கூடாமற் போகும். ஆகையால் முதல் சில வாரங்களுக்குத் தரையின்மீது சாக்கு விரித்தல் வேண்டும். விரைவில் பருக்கவேண்டுமென்று மிகையாகத் தீனி கொடுப்பதாலும், ஓட இடமின்மையாலும் கால் எலும்புகள் வளைந்துவிடும். கால் கெட்ட ஈமுவைத் தேற்றுதல் மிகவும் அரிது.

குடற்புழுக்களுக்கு உரிய காலங்களில் மருந்து கொடுக்கவேண்டும். கோழிகளைத் தாக்கும் வெள்ளைக்கழிச்சல் நோய்க்கான தடுப்பூசியைக் கால்நடை வைத்தியரின் யோசனைப்படி இடவேண்டும். மூன்று மாதத்தைக் கடந்த ஈமு பொதுவாகத் திடகாத்திரமுள்ளது. வியாதிகள் அதனை எளிதில் அணுகா.

கிடைக்கும் பொருள்கள்

ஈமுவிலிருந்து இறைச்சி, கொழுப்பு, தோல், முட்டை, சிறகு என ஐவகைப் பொருள்கள் கிடைக்கின்றன.

இறைச்சி: பதினான்கு முதல் பதினெட்டு மாத வயதுடைய பறவையிலிருந்து சுமார் 11 முதல் 14 கிலோ இறைச்சி கிடைக்கும். பறவையின் இறைச்சியாயினும் இது ஆட்டிறைச்சியைப்போல் சிவந்திருக்கும். பறவையின் கொழுப்பு தோலுக்கடியிலும் வயிற்றிலும் தனியே சேர்வதால், தசையில் கொழுப்பு மிகக் குறைவு. அதிக நேரம் வேகவைத்தால் கடினமாகிவிடும்.

கொழுப்பும் தைலமும்: முதுகின் தோலுக்கடியிலும் வயிற்றிலும் சேர்ந்துள்ள கொழுப்பு, நன்கு உண்ட பறவையில் 5 முதல் 10 கிலோ வரை இருக்கும். அதனை உடனே குளிரூட்டி வைத்து, மிதமான சூட்டில் உருக்கி வடித்துச் சுத்தி செய்தால் ஈமு தைலம் கிடைக்கிறது. அதிலுள்ள கொழுப்பமிலங்களில் ஏறக்குறைய பாதி ஒலியிக் அமிலமாகும். ஆஸ்திரேலியாவின் ஆதிக்குடிகள் நெடுங்காலமாக இக்கொழுப்பை வலிக்கும் காயத்திற்கும் தடவி வந்துள்ளனர். இக்காலத்தில் மேற்பூச்சுகளிலும் சவுக்காரத்திலும் இது சேர்க்கப்படுகிறது. ஆயினும் சகல ரோகங்களையும் தீர்க்கும் என்று சிலர் விளம்பரம் செய்வது நம்பத்தக்கதன்று. பிராணிகளில் நடத்திய பரிசோதனைகளில் வீக்கத்தைத் தணிக்கும் குணம் ஓரளவு காணப்பட்டிருப்பினும், மனிதரின் வியாதிகளைக் குணப்படுத்தும் மருந்தென்று அது ஒப்புக்கொள்ளப்படவில்லை. 2009-ஆம் ஆண்டு அமெரிக்க அரசின் உணவு மருந்து நிர்வாகத்தார், போலி மருந்து விளம்பரங்களைக் குறித்துப் பொதுமக்களுக்கு விடுத்த எச்சரிக்கையில் ஈமு தைலத்தையும் உதாரணமாகக் காட்டியுள்ளனர்.

தோல்: பறவை ஒன்றின் உடல் தோல் சுமார் 7 முதல் 8 சதுர அடி இருக்கும். சிறகு முளைத்த இடங்கள் சிறு புள்ளிகளாக எழும்பி நிற்பது இதன் அழகு. கால் தோல் செதிளுடன் கூடிப் பாம்புத்தோல் போலத் தோன்றும். கைப்பை, பணப்பை, பாதரட்சை முதலியவை செய்வதற்கு உபயோகமாகும். இதனைப் பதனிட, சிறு தோல்களில் பழகிய தொழிலாளர் வேண்டும்.

முட்டை: ஒரு முட்டை பத்துப் பன்னிரண்டு கோழிமுட்டைகளுக்குச் சமம். ஓட்டில் கரும்பச்சை, நீலப்பச்சை, வெண்மை ஆகிய நிறங்கள் அடுக்கடுக்காக இருப்பதால், செதுக்கிச் சித்திரம் அமைக்க ஏற்றது. ஆஸ்திரேலியாவில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து இக்கைத்தொழில் நடந்து வருகிறது.

சிறகு: மென்மையானது, தூசியைப் பற்றும் இயல்புடையது. தூசி தட்டும் கருவிகளுக்கும் தொப்பி முதலியவற்றின் அலங்காரத்திற்கும் பயன்படுகிறது. ஆஸ்திரேலியக் குதிரைப்படையினர் தங்கள் தொப்பியில் இச்சிறகைச் செருகிக்கொள்ளும் வழக்கம் பிரசித்தமானது.

வரவு செலவு

இப்பொருள்களின் பட்டியலைப் படித்தவுடன் ஒருவர் இலாபத்தைக் கணக்கிடத் தொடங்கிவிடலாகாது. முதலில் செலவைப் பார்ப்போம். குஞ்சு பிறந்தது முதல் இறைச்சிக்குத் தகுதியாகும் வரையில் ஒரு பறவை சுமார் 250 கிலோ அடர்தீனி தின்னும் என்று வைத்துக்கொள்வோம். அதிலிருந்து கிடைப்பது 12 கிலோ இறைச்சி. ஆக, ஒரு கிலோ இறைச்சிக்கு ஏறக்குறைய 21 கிலோ தீனி செலவாகிறது. இறைச்சிக் கோழியோ ஆறு வாரத்திற்குள் விற்பனைக்கு வருகிறது. ஒரு கிலோ உயிர் எடைக்கு அது தின்பது 2 கிலோவுக்கும் குறைவு. எனவே இறைச்சி ஒன்றை மட்டும் நம்பி ஈமு வளர்ப்பவர் கோழி வளர்ப்பவரோடு போட்டியிட இயலாது. தைலமும் தோலும் நல்ல விலைக்கு விற்றாலன்றிக் கணக்கு நேராகாது. ஆஸ்திரேலியாவிலும் தைலமே இத்தொழிலின் முதன்மையான வரவாக இருத்தலைக் காண்க. தீனியின் விலை ஊருக்கு ஊர் மாறுமாதலால், அவரவர் தம் ஊர் விலையை இட்டு இக்கணக்கைப் போட்டுப் பார்த்தல் வேண்டும்.

தைலமும் தோலும் விற்பதற்கு முன் மூன்று காரியங்கள் நடந்தாகவேண்டும். பறவையைச் சட்டப்படியும் சுத்தமாகவும் அறுப்பதற்கு ஓரிடம் வேண்டும். கொழுப்பை உருக்கவும் தோலைப் பதனிடவும் பட்டறைகள் வேண்டும். அப்பொருள்களை ஆண்டுதோறும் வாங்கும் வியாபாரி வேண்டும். இவை மூன்றும் சிறு குடியானவர் ஒருவரால் தனியே ஏற்படுத்தக்கூடியவை அல்ல. ஜப்பானில் ஹொக்கைடோ தீவின் அபாஷிரி என்னும் ஊரில் தோக்கியோ விவசாயப் பல்கலைக்கழகத்தாரின் முயற்சியால் ஈமு வளர்க்கப்படுகிறது. அங்கே தைலத்தையும், முட்டை கலந்து செய்த தின்பண்டங்களையும் தாமே தயாரித்து விற்கின்றனர். பறவையோடு விற்பனையையும் சேர்த்து நடத்துவது இத்தகைய ஏற்பாட்டின் சிறப்பு.

குஞ்சு விற்பனை என்னும் மயக்கம்

இம்மூன்று ஏற்பாடுகளும் இல்லாத இடத்தில், பறவைக்கு ஒரே கிராக்கி இனவிருத்திக்கு வாங்கும் அடுத்த குடியானவரிடமிருந்து வருவதுதான். முதலில் வளர்த்தவர் குஞ்சுகளை நல்ல விலைக்கு விற்பார். அதைக் கண்டு பிறரும் வாங்குவர். இது எவ்வளவு காலம் நடக்கும் என்பதைச் சிறு கணக்கால் அறியலாம். ஜோடி ஒன்று ஆண்டில் இடும் முட்டைகளிலிருந்து பத்துக் குஞ்சுகள் வளர்ந்து தேறுவதாக வைத்துக்கொள்வோம். அவை ஐந்து ஜோடிகள். நூறு ஜோடிகளிலிருந்து ஐந்நூறு ஜோடிகளும், அந்த ஐந்நூற்றிலிருந்து 2,500 ஜோடிகளும், அவற்றிலிருந்து 12,500 ஜோடிகளும் உண்டாகும். ஒவ்வொரு தலைமுறையிலும் முன்னிருந்தவர்களைப் போல ஐந்து மடங்கு புதிய குடியானவர் பணத்துடன் வந்து வாங்கவேண்டும். அவர்கள் வராத ஆண்டில், கடைசியாக வாங்கியவர் கையில் தீனி தின்னும் பறவைகள் மட்டும் மிஞ்சும்.

அமெரிக்காவில் இதுவே நடந்தது. 1990-களின் முற்பகுதியில் அங்கே இனவிருத்திக்குரிய ஜோடி ஒன்று பல ஆயிரம் டாலருக்கு விற்றது. இறைச்சிக்கும் தைலத்திற்கும் எதிர்பார்த்த கிராக்கி ஏற்படவில்லை. அப்பத்தாண்டு முடிவதற்குள் விலை வீழ்ந்தது. டெக்ஸாஸ் முதலிய இடங்களில் தீனிச் செலவைத் தாங்கமாட்டாத சிலர் பறவைகளை அவிழ்த்து விட்டுவிட்டனர்.

நம் நாட்டில் நடந்தது இதனினும் கொடியது. ஏனெனில் இங்கே குஞ்சு வியாபாரத்தோடு பண முதலீடும் சேர்க்கப்பட்டது. ஈரோடு ஜில்லா பெருந்துறையை மையமாகக் கொண்டு எழுந்த சில ஸ்தாபனங்கள் கவர்ச்சியான திட்டங்களை விளம்பரம் செய்தன. அக்காலப் பத்திரிகைகளில் வெளிவந்த திட்டம் ஒன்றன்படி, ஒருவர் 1,50,000 ரூபாய் செலுத்தினால் ஆறு குஞ்சுகளும், தீனியும் தரப்படும். மாதந்தோறும் 6,000 ரூபாயும், ஆண்டுக்கு 20,000 ரூபாயும் கொடுக்கப்படும். இரண்டாண்டு முடிவில் முதலும் திருப்பித் தரப்படும்.

இதனைக் கணக்கிட்டுப் பார்க்க. மாதம் 6,000 ரூபாய் வீதம் ஆண்டுக்கு 72,000. அதனோடு 20,000 சேர்த்தால் 92,000 ரூபாய். இரண்டாண்டில் 1,84,000 ரூபாய். இத்தொகை ஆறு பறவைகளிலிருந்து வரவேண்டுமானால் ஒவ்வொன்றும் 30,000 ரூபாய்க்கு மேல் ஈட்டவேண்டும். பறவைக்கு 12 கிலோ இறைச்சி என்று கொண்டு, அந்த இறைச்சியிலிருந்தே அத்தொகையை ஈட்டுவதானால், கிலோ ஒன்றுக்கு 2,500 ரூபாய்க்கு மேல் விற்றாகவேண்டும். தீனி, கொட்டகை, ஆட்கூலி இவற்றின் செலவு இதில் சேரவில்லை. எந்தச் சந்தையிலும் அக்காலத்தில் அவ்விலைக்கு ஈமு இறைச்சி விற்றதில்லை. தைலமும் தோலும் சேர்ந்தாலும் அப்பள்ளம் நிரம்பாது. ஆகவே அப்பணம் பறவையிலிருந்து வரவில்லை. பின்னால் சேர்ந்தவர்களின் முதலிலிருந்தே வந்தது என்பது எளிதில் விளங்கும்.

2012-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் இவ்வேற்பாடு சரிந்தது. ஆயிரக்கணக்கானவர் முதலை இழந்தனர். அவர்களில் நகை விற்றவரும் நிலம் அடகு வைத்தவரும் இருந்தனர். தீனியின்றிப் பட்டினி கிடந்த பறவைகளுக்கு அரசாங்கமே தீனி வழங்க நேர்ந்தது. 1997-ஆம் ஆண்டின் முதலீட்டாளர் நலப் பாதுகாப்புச் சட்டத்தின்படி வழக்குகள் தொடரப்பட்டு, கோயம்புத்தூரிலுள்ள விசேஷ நீதிமன்றத்தில் பலர் தண்டனை அடைந்தனர். எனினும் தண்டனையால் இழந்த பணம் அனைத்தும் திரும்பிவிடுவதில்லை.

கிராம அதிகாரிகள் கவனிக்கவேண்டியவை

இத்தகைய திட்டங்கள் பெயரை மாற்றிக்கொண்டு மீண்டும் வருதல் உண்டு. இன்று ஈமுவாக இருந்தது நாளை வேறொரு பிராணியாகவோ மரமாகவோ இருக்கலாம். அவற்றை அறிய அடையாளங்கள் சில உள்ளன. பறவையின் பொருளை வாங்குவதாகச் சொல்லாமல், பறவைக்காக வைப்புத்தொகை கேட்பது ஓர் அடையாளம். பறவை செத்தாலும் பிழைத்தாலும் மாதந்தோறும் ஒரே தொகை தருவதாகக் கூறுவது மற்றொன்று. பண்ணைத்தொழிலில் நட்டமே வராது என்று உறுதி சொல்பவரை நம்பலாகாது. புதிய ஆட்களைச் சேர்த்துவிட்டால் தரகு தருவதாகச் சொல்வது எல்லாவற்றிலும் தீயது.

2019-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட மத்தியச் சட்டம் ஒன்று, முறைப்படுத்தப்படாத வைப்புத்தொகைத் திட்டங்களையே தடை செய்கிறது. ஆகவே கிராமத்தில் எவரேனும் கூட்டம் கூட்டி இவ்வாறு பணம் திரட்டினால், கிராம அதிகாரிகள் அச்செய்தியைத் தாமதமின்றி மேலதிகாரிகளுக்கும் பொருளாதாரக் குற்றப் பிரிவினருக்கும் தெரிவிப்பது கடமையாகும். இதில் ஒரு வாரம் முந்தினாலும் பல குடும்பங்களின் முதல் காக்கப்படும். ஊரில் மதிப்புள்ளவர்கள் இத்தகைய கூட்டங்களில் சென்று அமர்வதும் தகாது; அவர்களைக் கண்டே ஏனையோர் நம்பிப் பணம் கட்டுகின்றனர்.

வளர்க்க விரும்புவோர்க்கு யோசனை

இவ்வளவும் கூறியதால் ஈமுவை எவரும் வளர்க்கலாகாது என்று கொள்ளவேண்டுவதில்லை. தரிசு நிலமும், தீனிக்கு வேண்டிய மக்காச்சோளமும், பசுந்தீவனமும் உடைய ஒருவர், பின்வரும் கேள்விகளுக்கு விடை கிடைத்த பின்னர் இதில் இறங்கலாம். பறவையை அறுக்கும் அனுமதி பெற்ற இடம் எவ்வளவு தூரத்தில் உள்ளது? கொழுப்பையும் தோலையும் வாங்குபவர் யார். அவர் சென்ற ஆண்டு எவ்வளவு வாங்கினார். என்ன விலை கொடுத்தார்? அவரிடம் பொருள் விற்றுப் பணம் பெற்ற குடியானவர் ஒருவரையேனும் நேரில் காண முடியுமா? வாங்குபவர் ஓராண்டு வாராதுபோனால், பறவைகளுக்குத் தீனி இட நம்மிடம் வகையுண்டா?

இவற்றுள் ஒன்றுக்கேனும் விடையில்லையானால், அப்பணத்தை ஓர் எருமையிலோ பத்து வெள்ளாடுகளிலோ போடுவது மேல். பாலை வாங்கும் கூட்டுறவுச் சங்கம் பல கிராமங்களிலும் உண்டு. ஆட்டை வாங்க வாரச்சந்தை உண்டு. விடைகள் கிடைத்தால், இரண்டு மூன்று பறவைகளோடு தொடங்கி, கடன் வாங்காமல் இரண்டாண்டு நடத்திப் பார்த்து, பொருள் விற்ற பணம் கைக்கு வந்த பின்னரே தொகையைப் பெருக்குக. ஒவ்வொரு மாதமும் தீனிச் செலவையும் பறவையின் எடையையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்து வருவதும் அவசியம். இன்னும் ஐயமுள்ளவர்கள் தம் பகுதியிலுள்ள கால்நடை மருத்துவமனையில் கேட்டுத் தெளிவு பெற்ற பிறகு வேலிக்கான குழி தோண்டத் தொடங்குவார்களாக.